தொட்டிக்குள் வந்த பெருமாள்

பிரேமாவதியைப் பற்றி எழுத நீ யார் என்று யாராவது கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்வேன். லூனாஸில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டு முன்பக்கம்தான் என் தையல் கடை. ஆமையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பிரேமாவைப் பற்றித் தெரியும். போன வருஷம் நடந்ததை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் பிறந்தது கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா கித்தா மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர். கித்தாவை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு குடும்பம் லூனாஸுக்கு வந்தது. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், இன்றைக்கும் அங்கேதான். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிற வேலை. புருஷன் தினேஸ்வரன் ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறவர். வாரக் கடைசியில் வந்து தூங்குவார், எழுந்து சாப்பிடுவார், போவார். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததால்தான் அவள் ஆமையைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று பேச ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தப் பேச்சை என் கடைக்குள் யாரும் பேசக் கூடாது. பேசிய ஒருத்தியின் ரவிக்கைத் துணியை வெட்டாமல் அப்படியே மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கடலுக்கும் அவளுக்கும் ஏற்பட்ட சம்பந்தம் கம்பெனி செய்த வேலை. ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் பச்சை பனியன் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, யான் கடற்கரையில் குப்பை பொறுக்க அழைத்துப் போனார்கள். போட்டோ எடுத்தார்கள், நாசி லெமாக் சாப்பிட்டார்கள், சாப்பிட்ட பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்த புண்ணியவான்களும் உண்டு. கிளம்புகிற நேரத்தில் ஒரு ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. சின்னச் சாப்பாட்டு மேசை அளவுக்கு இருந்ததாம். எல்லோரும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் செல்பி எடுத்தார்கள். அங்கே இருந்த ஒரு தன்னார்வக் குழுவின் ஆட்கள் அதன் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்ததையெல்லாம் மணலில் பரப்பிக் காட்டினார்கள். பை, கயிறு, மூடி, கிழிந்த ரப்பர் கையுறையின் விரல் ஒன்று. எந்தக் கம்பெனிக் கையுறையோ, யாருக்குத் தெரியும். அடுத்த லீவு நாளில் பிரேமா தானே காடி, அதாவது கார், ஓட்டிக்கொண்டு யானுக்குப் போனாள்.

ஜெராய் மலைக்குக் கீழே வயல் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடத்தில், மீன்வளத் துறையிடம் அனுமதி வாங்கி, அந்தக் குழு ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தது. முதலில் அவளுக்குக் கொடுத்தது பவள வேலை. பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது உயிராம். தூரத்தில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கிற துண்டுகளை எடுத்து, குழாய்ச் சட்டங்களில் கட்டி, மறுபடி கடலடியில் இறக்கி வளர்ப்பார்களாம். பிரேமாவுக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்து, கடல் தண்ணீர் நிரப்பிய பெட்டிக்குள் கையை விட்டு, துண்டு துண்டாகக் கட்டிக் கொடுப்பாள். விரலெல்லாம் கீறலோடு வந்து நிற்பாள். நான் மஞ்சள் வைத்து விடுவேன்.

அப்புறம் அந்தச் சூட்டு வருஷம் வந்தது. நம் வீட்டு மின்விசிறியே அனல் காற்றை வீசிய வருஷம். கடலும் சூடாகிவிட்டது. அவள் கட்டியது, மற்றவர்கள் கட்டியது, யாரும் கட்டாமல் தானாக வளர்ந்தது, எல்லாம் வெளுத்துப் போயிற்று. முங்கிப் பார்த்தவர்கள் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று அழகாகத்தானே இருக்கிறது என்றேன். சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள். அவள் குரலைக் கேட்டதும் நான் தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பவளம் போனதும் மனிதர்களைப் பிடித்தாள். குழுவில் மலாய்க்காரர், சீனர் எல்லோரும் தங்கள் ஆட்களிடம் பேசினார்கள். தமிழர்களிடம் பேச ஆள் இல்லை. பிரேமா போனாள். எங்கள் ஆட்களுக்கு ஆமை என்றாலே ஆகாது. அது வீட்டுப் படி ஏறினால் குடித்தனம் கெட்டது என்று அர்த்தம். தினேஸ்வரனின் லோரி ஒரு தடவை லேசாக உரசியபோது, அவருடைய அக்கா பட்டர்வொர்த்திலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து, ஆமையைத் தொட்ட கையால் சோறாக்கிப் போட்டால் வேறென்ன நடக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள். தினேஸ்வரன் நல்லவர், ஆனால் வாய் இல்லாதவர். பிரேமா யானிலிருந்து வந்தால் வாசல் குழாயில் குளித்த மாதிரிக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவாள்.

அவள் முதல் பேச்சு எங்கள் கோயில் மண்டபத்தில். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கொடுத்தார் கோயில் தலைவர் நடராஜா. ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், கையும் மனசும் தாராளம். பிரேமா படம் காட்டினாள். ஒருவர் போனைத் தடவினார், ஒருவர் கொட்டாவி விட்டார், குழம்பு வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு அம்மாள் எழுந்து, கோயிலுக்குள் நின்றுகொண்டு அந்தப் பீடையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டாள். பிரேமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். நான் எழுந்து ஏதாவது சொல்வதற்குள் அவள் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமாளோட ரெண்டாவது அவதாரம் என்னாங்க?" என்று கேட்டாள். "ஆமைதானே? மலையையே முதுகுல தாங்குன ஆமை. அத பீடைன்னு சொல்றீங்க. நம்ம தாமான் கால்வாயில வீசுற பிளாஸ்டிக் எல்லாம் நேரா பெருமாள் வாய்க்குத்தான் போவுது."

நடராஜா அண்ணன் எழுந்து கை தட்டினார். அந்த மாதமே கோயிலில் பிளாஸ்டிக் குவளை நின்றது. பிறகு கரங்கானில் கூப்பிட்டார்கள், சுங்கைப் பட்டாணியில் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் பிரேமா கூர்மாவதாரத்தில் ஆரம்பித்தாள். ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆமைப் படம் வரைந்து நெற்றியில் நாமம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை அவள் தன் வீட்டு ஹாலில் ஒட்டி வைத்தாள். நாத்தனார் வந்து பார்த்தாள், சாமி படமாயிற்றே, ஒன்றும் சொல்ல முடியவில்லை. நானும் பிரேமாவும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சித்திரை பிறந்த சமயம் பாக் சாலே ஒரு ஆமையைக் கொண்டுவந்தார். யானில் மீன் பிடிக்கிறவர், வயதான மலாய்க்காரர், பாக் என்றால் ஐயா மாதிரி. வலையில் ஆமை சிக்கினால் வெட்டிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள் என்று பிரேமா அவரிடம் வருஷக்கணக்காகக் கெஞ்சியிருந்தாள். இது பச்சைக் கடலாமை. இலை, பாசி தின்கிற சாதி. படகு எஞ்சின் விசிறி முதுகு ஓட்டை வெட்டியிருந்தது. வெட்டின் வழியாகக் காற்று உள்ளே போய் ஓட்டுக்கடியில் தங்கிவிட்டதால், பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு மிதந்தது. எத்தனை தடவை துடுப்பை அடித்தாலும் கீழே போக முடியவில்லை.

ஆமைகளைப் பார்க்கப் பினாங்கிலிருந்து வரும் மிருக வைத்தியர் தேவன், சின்ன வயசுக்காரர், பிரேமாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் ஓட்டை ஒட்டினார், ஊசியால் காற்றை எடுத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"முங்குனா கடலுக்குப் போவும். முங்கலன்னா சாகுற வரைக்கும் இந்தத் தொட்டிதான், அக்கா."

அன்றிலிருந்து பிரேமாவுக்கு வாழ்க்கையில் வேறு விஷயமே இல்லை. அது முங்க வேண்டும். லூனாஸ் பாசாரில் கங்கோங் கீரையைக் கட்டுக் கட்டாக வாங்கிக் காடியில் போட்டுக்கொண்டு போவாள். கல் கட்டிய சட்டத்தில் கீரையைச் செருகி, தொட்டியின் அடியில் இறக்குவாள். பசித்தால் கீழே போகும் என்று கணக்கு. அது போகாது, மேலேயே தத்தளிக்கும். சட்டத்தை ஒரு சாண் மேலே தூக்குவாள். எட்டிக் கடிக்கும். மறுநாள் கொஞ்சம் கீழே இறக்குவாள். தண்ணீரில் பச்சையாக எது தெரிந்தாலும் அது சாப்பாடு என்று அதற்கு அவள் கற்றுக்கொடுத்தாள். இரவு ஷிப்ட் முடித்து நேராக யானுக்குப் போய், வந்து என் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். சனியனே, நீ முதலில் படுத்துத் தூங்கு என்று நான் திட்டாத நாள் கிடையாது.

ஒரு நாள் நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "முங்கிருச்சு கலை. அடியில போயி உக்காந்துகிச்சு, வரவே மாட்டேங்குது," என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கு ஆமை என்ன மாமனா மச்சானா? ஆனால் நானும் அழுதேன். காஜா கோணிக்கொண்டது.

கடலில் விடுவதற்கு நாள் பார்த்தார்கள். விடுவதற்கு முன்னால் துடுப்பில் ஒரு தகடு மாட்டுவார்கள். அதில் எண் இருக்கும், பிறகு எங்கே கரை ஒதுங்கினாலும் எந்த ஆமை என்று தெரியும். தகடு மாட்டிய அன்று நடராஜா அண்ணன் குடும்பத்தோடு பார்க்க வந்திருந்தார். பிரேமாவின் பேச்சைக் கேட்டதிலிருந்தே அவருக்கு அந்த ஆமை மேல் ஒரு பக்தி. கைகூப்பி நின்றவர் தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா? காடி மோதினால் காடி நம்பர், செத்தவர் வீட்டில் கதவு நம்பர். அந்த வாரமே அந்த எண்ணை லாட்டரிக் கடையில் எழுதினார். நாலு நம்பர் அடித்துவிட்டது.

கிழிஞ்சது போ என்றேன் நான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானில் காடி நிறுத்த இடம் இல்லை. கூலிமிலிருந்தும் அலோர் ஸ்டாரிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். தேங்காய், பழம், கற்பூரம். ஒரு அம்மாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு சொம்புப் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். முழுத் தண்ணீரையும் இறைத்து மாற்ற வேண்டியதாயிற்று. சிலர் ஓட்டில் இருந்த தழும்பைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கி அதில் எண் தேடினார்கள். பிரேமா கயிறு கட்டினாள், கத்தினாள். சாமி கும்பிட வருகிறவர்களை விரட்டுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று அவளையே திட்டினார்கள். பேச்சில் சாமி என்று சொன்னவளே அவள்தானே.

நடராஜா அண்ணனை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடித்த பணத்தில் பெரிய தொட்டியும் புது பம்பும் வாங்கிக் கொடுத்தார். குழுவுக்கு அது பல வருஷக் கனவு. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். புரட்டாசி பிறக்கப் போகிறது, பெருமாள் மாதம். கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் வந்து கும்பிட்டு, கண்ணெதிரே கடலில் விடலாம் என்றார். கூடுதலாகச் சில வாரம் தொட்டியில் முங்கிப் பழகினால் நல்லதுதான் என்றார் தேவன். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு புதன்கிழமை யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் விட்டுவிட்டு வா, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.

"எரநூறு பேரு பாக்கட்டும்லா கலை," என்றாள் அவள். "அது கடலுக்குள்ள போறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா, அப்புறம் ஒருத்தனும் பிளாஸ்டிக்க வீச மாட்டான்."

அவளுடைய பவளம் போய்விட்டிருந்தது. இது ஒன்றாவது ஊர் பார்க்க உயிரோடு திரும்பிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதில் என்ன தப்பு?

கடைசிச் சனிக்கிழமை காலையில் வெயில் நன்றாக அடித்தது. நானும் போனேன். பிரேமா நான் தைத்த ரவிக்கையும் நீலப் புடவையும் கட்டியிருந்தாள். மைக்கில் அவளே சொன்னாள்: பால் கூடாது, மஞ்சள் கூடாது, பூ எதுவும் தண்ணீரில் விழக் கூடாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. ஜனங்கள் சொன்னதைக் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். படகோடு பாக் சாலே காத்திருந்தார். தேவன் வந்துகொண்டிருந்தார்.

நடராஜா அண்ணன் துளசி மாலை கொண்டுவந்திருந்தார். ஆள் உயரத்துக்கு, நெருக்கிக் கட்டி, நடுநடுவே ஜிகினா வைத்த மாலை. புரட்டாசி கடைசிச் சனியில் துளசி இல்லாமல் பெருமாளா? பிரேமா முடியவே முடியாது என்றாள். கூட்டம் முணுமுணுத்தது. அவர் சண்டை போடவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"மேல போட மாட்டோம் தங்கச்சி. ஒரு ஓரமா மாட்டிக்கிறோம். வெறுங்கையோட அனுப்ப மனசு கேக்கல."

பிரேமா சுற்றும் முற்றும் பார்த்தாள். தொட்டிக்கு மேலே, ஆமைக்கு எட்டாத உயரத்தில் பம்புக் குழாய் போய்க்கொண்டிருந்தது. "அந்தக் கொழாய்ல மாட்டுங்க," என்றாள்.

ஐயர் கற்பூரம் ஏற்றினார். மணி அடித்தது. கோவிந்தா என்று எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கண்ணை மூடினோம். நான் மூடினேன். பிரேமாவும் மூடினாள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், தீபம் காட்டினால் கண் தானாக மூடிக்கொள்ளும். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் அதிர்ந்து அதிர்ந்து மாலை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியிருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மாலை தண்ணீருக்குள் இருந்தது. ஆமையின் வாயில் துளசி இருந்தது.

கூட்டம் எழுப்பிய கோவிந்தா சத்தம் ஜெராய் மலைக்கே கேட்டிருக்கும். பெருமாள் மாலையை ஏற்றுக்கொண்டார் என்று நடராஜா அண்ணன் மண்ணில் விழுந்து கும்பிட்டு அழுதார். பிரேமா புடவையோடு தொட்டிக்குள் குதித்தாள். அவள் மாலையைப் பிடித்து இழுப்பதற்குள் ஆமை கடித்துத் துண்டித்துவிட்டது. கையில் வந்தது பாதிக்கும் குறைவு. மீதியைத் தண்ணீரில் துழாவினாள், நானும் இறங்கித் துழாவினேன். இலைதான் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை.

தேவன் வந்து பார்த்தார். நூல் உள்ளே போயிருந்தால் கடலில் விட்டால் நிச்சயம் சாகும், இங்கே இருந்தால் முயற்சியாவது செய்யலாம் என்றார். விடுவது நின்றுபோயிற்று. ஜனங்களிடம் எப்படிச் சொல்வது என்று பிரேமா ஈரப் புடவையோடு யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. பெருமாளுக்கு நம்மை விட்டுப் போக மனசில்லை என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். சந்தோஷமாகப் புளியோதரை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு நடந்ததை நீட்ட எனக்கு விருப்பமில்லை. எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயில் நூல் தெரியாதாம். ஆமை முதலில் கீரையை விட்டது, பிறகு அசையாமல் கிடந்தது. ஒரு காலையில் பிரேமா போனபோது அது மேலே மிதந்துகொண்டிருந்தது. பினாங்குக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்கலாம் என்று தேவன் ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே செத்துவிட்டது. தீபாவளிக்குத் துணி குவிந்து கிடந்த நேரம். நான் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு போனேன்.

தேவன் கொட்டகையிலேயே வெட்டிப் பார்த்தார். பாவாடைக்குச் சுருக்கு வைக்க நூலை ஓட்டி இழுப்போமே, அப்படிக் குடல் மொத்தமும் அந்த மாலை நூலில் சுருங்கிக் கோத்திருந்தது. பல இடத்தில் அறுத்துக்கொண்டும் போயிருந்தது. நூலை என் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தேன். அசல் நைலான், ஆணியில் மாட்டித் தொங்கினாலும் அறாது. ஜிகினா அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. தேவன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

திரும்பி வரும்போது காடியை நான்தான் ஓட்டினேன். சுங்கைப் பட்டாணி தாண்டியதும் பிரேமா என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்டி அத சாமின்னு சொன்னேன்," என்றாள். "பீடையாவே விட்டிருந்தா ஒருத்தனும் கிட்டக்கூட வந்திருக்க மாட்டான்."

நீ என்ன தெரிந்தா சொன்னாய் என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

ஆமையின் உடலை மீன்வளத் துறை ஆட்கள் எடுத்துப் போனார்கள். நடராஜா அண்ணன் கோயில் வளாகத்தில் சமாதி வைக்கக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஊரில் யாரும் தாங்கள் கொன்றதாக நினைக்கவே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை துளசியை வாயில் வாங்கிக்கொண்டு போவதற்கு எத்தனை ஜென்மப் புண்ணியம் வேண்டும் என்று பேசினார்கள். பிரேமா ஒருத்தியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள், குடல், நூல், எல்லாம். அந்த அம்மாள் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோயிலில் ஆமையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதற்கும் தினம் ஒரு துளசி மாலை. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

தைப்பூசம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடராஜா அண்ணன் என் கடைக்கே வந்தார். பிரேமா எனக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அன்பாகத்தான் பேசினார். தொட்டி சும்மா கிடக்கிறதே, அடுத்த பெருமாள் எப்போது வருவார், வந்தால் முதலில் எனக்குச் சொல்லம்மா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் காடி முனை திரும்பியிருக்காது, பிரேமாவின் போன் அடித்தது. பாக் சாலே, கடலிலிருந்து. கையில் ஊசி இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்துப் பேசினாள். மலாயில்தான் பேசிக்கொண்டார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.

வலையில் ஆமை சிக்கியிருக்கிறது, உயிர் இருக்கிறது என்றார். முதுகில் படகு வெட்டிய காயம் என்றார். கொட்டகைக்குக் கொண்டுவருகிறேன், நீ டாக்டரைக் கூப்பிடு என்றார்.

பிரேமா பொத்தானை மேசையில் வைத்தாள். "வேணாம் பாக். வலைய அறுத்து விட்டுருங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டார். அவள் அதையே சொன்னாள். விட்டால் செத்துவிடும் என்றார் அவர். கோபம் வந்துவிட்டது அவருக்கு. இத்தனை வருஷம் நீதானே என் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாய், இப்போது நீயே இப்படிச் சொல்கிறாயே என்றார்.

"தெரியும்," என்றாள். "கடல்லயே சாகட்டும். இங்க கொண்டாராதீங்க."

நான் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. போனில் அலைச் சத்தம் கேட்டது. பிறகு கத்தியால் அறுக்கிற சத்தம், கனமாக ஏதோ தண்ணீரில் விழுகிற சத்தம். பிரேமா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் போச்சு பாக்?" என்று கேட்டாள்.

"போகல," என்றார் அவர். "மிதக்குது."